உட்கார்ந்து பேசிய கூட்டம்

பிள்ளைகளா, நான் போனில் வீடியோ போட்டுப் பேசும்போதெல்லாம் நீங்கள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது எனக்குத் தெரியும். பொன்னேரியில் இருக்கிற உங்கள் அத்தையிடம் பேசுவதற்குக்கூட நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறேன். போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைக்கிறேன். "முகம் தெரியுதா? கொரல் கேக்குதா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் நலம் விசாரிக்கிறேன். பேசி முடித்ததும், என்ன முடிவு செய்தோம் என்பதை ஒரு தடவை திருப்பிச் சொல்லி, "சரிதானே?" என்கிறேன். சின்னவன் ஒருநாள் கேட்டான்: "நைனா, அத்தைகிட்ட பேசுறியா, கோர்ட்டுல சாட்சி சொல்றியா?" அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. பதில் கொஞ்சம் நீளம். அதனால் எழுதுகிறேன்.

நான் பத்தாவதும் அதற்குமேல் ஐ.டி.ஐ.யும் படித்தவன். கம்பி உருட்டும் ஆலையில் கிரேன் ஓட்டுகிறேன். இதற்கு நடுவில் ஐந்து வருஷம் நம் ஊராட்சியில் வார்டு உறுப்பினராகவும் இருந்தேன். அந்த ஐந்து வருஷத்தில் பெரிதாக எதையும் சாதித்துவிடவில்லை. தெருவிளக்கு எரியவில்லை என்றால் ஆள் கூட்டி வந்தேன். குழாய் உடைந்தால் போய் நின்றேன். ஆனால் ஒரு கூட்டம் நடத்தினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு நிறைவாக இருக்கிறது.

நம் காலனிக்குப் பின்னால், கால்வாய்க்கரை மேல் ஒரு மண்பாதை போகிறதே, அது நேராகத் தொழிற்பேட்டையின் பின்பக்கத்தில் போய் ஏறும். காலையில் முதல் ஷிப்டுக்குப் போகிற பாதி ஜனம் அந்த வழியாகத்தான் போகும். தொழிற்பேட்டைக்காரர்கள் பின்பக்கம் முழுக்கச் சுவர் எழுப்பப் போவதாகச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நம் ஊர் மாடுகள் உள்ளே போய் லாரியில் அடிபட்டுக்கொண்டிருந்தன. சுவர் வந்தால் பாதை அடைபடும். மற்றவர்கள் ஹைவே வழியாகச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். கஷ்டம்தான், ஆனால் போய்விடலாம். போக முடியாத ஆள் ஒரே ஒருத்திதான் இருந்தாள்.

நம் தெருக்கோடியில், பள்ளிக்கூடம் பெருக்குகிற அக்கா இருக்கிறாரே, அவருடைய மகள். சின்ன வயதிலிருந்தே அந்தப் பெண்ணுக்கு இரண்டு காலும் நடக்காது. கையால் பெடல் சுற்றுகிற மூன்று சக்கர வண்டியில்தான் போய் வருவாள். உள்ளே ஒரு கம்பெனியில் பாட்டில் மூடிகளைப் பார்த்து, பழுதானதைப் பிரித்துப் போடுகிற வேலை. மேசை முன்னால் உட்கார்ந்து செய்கிற வேலை. கால்வாய்க்கரையில் போனால் அவளுக்குப் பதினைந்து நிமிஷம். ஹைவேயில் அந்த வண்டியை வைத்துக்கொண்டு டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே ரோட்டைத் தாண்டுவது நடக்கிற காரியமா? சுவர் வந்தால் அவளுக்கு வேலை போய்விடும். விஷயம் அவ்வளவுதான்.

மனு போட்டோம். ஆட்சேபணை கேட்பதற்குத் திருவள்ளூர் கலெக்டர் ஆபீசிலிருந்து தேதி கொடுத்தார்கள். ஒரே மாவட்டம்தான். ஆனால் நமக்குத் திருவள்ளூர் போவது எப்படி என்று உங்களுக்கே தெரியும். பஸ்ஸில் பெரியபாளையம் போய் மாற வேண்டும். இல்லையென்றால் ரயிலில் சென்னைக்கே போய், அங்கிருந்து இன்னொரு ரயில் பிடித்து வரவேண்டும். போய்வர ஒரு நாள் லீவு. யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான், அந்தக் கூட்டத்தை வீடியோவில் நடத்தலாம் என்று கடிதம் வந்தது. கொரோனா காலத்தில் பழகிய பழக்கம், பிறகும் நிலைத்துவிட்டது. அதிகாரி அங்கே இருப்பார், ஜனங்கள் இங்கே ஊராட்சிக் கூடத்தில் இருப்பார்கள். கடிதத்தோடு ஒன்றரைப் பக்கத்துக்கு விதிகள் இருந்தன.

ஊராட்சிச் செயலர் அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். அவரை ஊரே கிளார்க் என்றுதான் கூப்பிடும்.

"மெம்பரே, இத்த நீயே பாத்துக்க. எனுக்கு ஆடிட்டு வந்துக்கினு இருக்குது."

நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, பெரியவளே, உன்னுடைய பழைய ரெக்கார்டு நோட்டில் மிச்சமிருந்த வெள்ளைப் பக்கங்களைக் கிழித்து, நான்கு பிரதி கையால் எழுதினேன். ஜெராக்ஸ் எடுத்திருக்கலாம். ஆனால் கையால் எழுதினால்தான் எனக்கு எதுவும் மண்டையில் ஏறும், ஐ.டி.ஐ.யிலிருந்து வந்த பழக்கம். கூட்டம் நடக்கிற நாளும் விஷயமும் ஏழு நாள் முன்பே எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டப்பட வேண்டும். பேசுகிறவர் உட்கார்ந்து, முகம் தெளிவாகத் தெரியும்படி, முதலில் தன் பெயரையும் தெருவையும் சொல்ல வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான். கேமராவுக்கு வெளியே நின்று யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. இணைப்பு அறுந்தால் கூட்டம் அங்கேயே நிற்க வேண்டும். திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். ஆறாவது விதி: பாதிக்கப்படுகிறவர் தாமே வந்து கலந்துகொள்ளக்கூடிய இடத்தில்தான் கூட்டம் நடக்க வேண்டும். பதினோராவது: எழுதிய முடிவை எல்லோர் காதும் கேட்கும்படி வாசித்துக் காட்டிய பிறகுதான் இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.

ஆறாவது விதியையும் நான்கு தடவை என் கையால்தான் எழுதினேன். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி, பஸ் நிற்கிற இடம், கூடத்து வாசல் என்று நான்கு பிரதியையும் ஒட்டினேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் கேமரா வேலை செய்யவில்லை. அதனால் பள்ளியில் உனக்குக் கொடுத்த லேப்டாப்பைக் கேட்டேனே, நினைவிருக்கிறதா? "எதுக்கு நைனா?" என்று கேட்டாய். "கவர்மென்டு வேலை" என்றேன். அதில் ஒரு எழுத்துக்கட்டை விழுந்திருந்தது, அந்த இடத்தை மட்டும் யாரும் தொடக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தாய்.

கூட்டத்தன்று காலை பத்து மணிக்கெல்லாம் கூடம் நிறைந்துவிட்டது. லேப்டாப்பை ஒரு மேசைமேல் வைத்து, அதிலிருந்து வயர் இழுத்துச் சுவரில் மாட்டிய டிவியில் கொடுத்திருந்தேன். அதிகாரி டிவியில் பெரிதாகத் தெரிவார், நம்மை லேப்டாப் கேமரா பார்க்கும். நாற்காலிகளை வரிசையாகப் போட்டேன். பள்ளிக்கூடத்து அக்கா பச்சைப் புடவை கட்டி வந்து முதல் வரிசையில் நின்றார். அவருடைய மகள் வெளியே புங்கமரத்து நிழலில் வண்டியை நிறுத்திக்கொண்டு இருந்தாள். நான் பார்த்தேன். அம்மாவைக் கொண்டுவந்து விட்டுவிட்டு நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். தலையை அசைத்தேன், அவளும் அசைத்தாள்.

பதினோரு மணிக்கு டிவியில் அதிகாரியம்மா வந்தார். கண்ணாடி போட்டவர், ஐம்பது வயது இருக்கும். பக்கத்தில் தொழிற்பேட்டையின் இன்ஜினீயர். அதிகாரியம்மா முகம் திரையில் தெரிந்த நிமிஷம் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று கும்பிட்டார்கள். நானும்தான். ஆலையில் மேனேஜர் வந்தால் எழுந்து நிற்கிற உடம்பு இது, டிவியா நேரா என்றெல்லாம் அதற்குத் தெரியாது.

"வணக்கம். எல்லாரும் உட்காருங்க" என்றார்.

"பரவால்ல மேடம்" என்றோம்.

"இல்ல, உட்காருங்க."

"பரவால்ல மேடம், நிக்கிறோம்."

"ஐயா, நான் மரியாதைக்குச் சொல்லல. எனக்கு உங்க யார் முகமும் தெரியல. வரிசையா சட்டையும் புடவையும்தான் தெரியுது. முன்னாடி நிக்கறவரு சட்டையில ஒரு பட்டன் இல்ல. அது யாரு?"

அது நான்தான். மேசை உயரத்தில் கேமரா. நாங்கள் எல்லோரும் டிவியில் இருக்கிற முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். அவருக்குத் தெரிவதெல்லாம் எங்கள் வயிறு.

கூடத்தில் சிரிப்பு. ஆனால் உட்கார மட்டும் யாரும் உட்காரவில்லை. அதிகாரி முன்னால் யார் முதலில் உட்காருவது? நெல் நிலம் வைத்திருக்கிற பெரியப்பா ஒருவர் உண்டு, எதற்கும் வாயடிப்பவர். அவரே கைகட்டி நின்றார்.

"பெரியப்பா, உக்காரு" என்றேன்.

"நீ மெம்பரு, நீ நின்னுக்கினு இருக்க சொல்லோ நான் குந்தினா அவங்க இன்னா நெனப்பாங்கோ? நீ குந்து மொதல்ல."

"நான் உக்காந்தா யார் இங்க பாத்துக்கறது?"

"அப்போ எனுக்கும் கால் நல்லாத்தான் கீது."

சொல்லிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. அப்போது கை தானாகவே மேலே போயிற்று. கிரேனில் மேலே உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கீழே பேசுவது எதுவும் கேட்காது, இரைச்சல் அப்படி. கீழே நிற்கிறவன் கையால்தான் சொல்லுவான். விரலைக் கீழே காட்டிச் சுற்றினால் 'இறக்கு'. உள்ளங்கையைக் கவிழ்த்துக் கையை நீட்டினால் 'நிறுத்து'. வருஷக்கணக்காக நான் அந்தச் சைகையை வாங்கித்தான் பழக்கம், கொடுத்ததில்லை. அன்றைக்குக் கொடுத்தேன். விரலைக் கீழே காட்டிச் சுற்றினேன்.

நம் ஊரில் பாதிப் பேர் ஆலையில் வேலை செய்கிறவர்கள். மண்டைக்குள் யோசனை ஓடுவதற்கு முன்னால் உடம்பு கேட்டுவிட்டது. இருபது முப்பது பேர் பொத்தென்று உட்கார்ந்தார்கள். அவர்களைப் பார்த்துப் பெண்களும் உட்கார்ந்தார்கள். கடைசியாகப் பெரியப்பா, "சரக்கு எறக்கியாச்சு" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

"இப்ப எல்லாரும் தெரியறீங்க" என்றார் அதிகாரியம்மா. "அது என்ன, கையில் ஏதோ காட்டினீங்க?"

"கிரேன் சிக்னல் மேடம்."

"நல்லா இருக்கே. அதையே வெச்சுக்குங்க. ரெண்டு பேர் சேர்ந்து பேசினா நிறுத்துங்க."

அப்படித்தான் நடந்தது. பேசியவர்கள் பெயரும் தெருவும் சொல்லிவிட்டுப் பேசினார்கள். ஒருவர் நடுவே இன்னொருவர் குறுக்கிட்டால் நான் உள்ளங்கையைக் கவிழ்த்து நீட்டுவேன், நின்றுவிடுவார்கள். பெரியப்பா தன் முறையில், "சுவரே வோணாம். எங்க தாத்தன் மாடு மேய்ச்ச எடம் அது" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்தவர், "சுவர் வோணாம்" என்றார். அதற்கும் கைதட்டினார்கள். அதிகாரியம்மா எழுதிக்கொண்டார். ஆனால் அவர் முகத்தில் ஒன்றும் நகரவில்லை. இன்ஜினீயர் தன் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடத்து அக்கா முறை வந்தது. மேசை முன்னால் உட்கார்ந்து, பெயர் சொல்லி, மூன்று நாளாகப் பேசிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னார்.

"சுவர் கட்டினா எம்பொண்ணு பொழப்பு போயிடும் மேடம். எங்க ஊட்டுல அது சம்பாரிக்கறதுதான்..."

"பொறுமையா சொல்லுங்க. அந்தப் பாதையில போறது உங்க பொண்ணா?"

"ஆமா மேடம். மூணு சக்கர வண்டியில."

"அவங்க வரலையா?"

"வந்துகீது மேடம். வெளிய மரத்தாண்ட கீது."

"ஏன் வெளியே?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். என்னைக் குற்றம் சொல்லும் பார்வை இல்லை அது. இதற்கெல்லாம் என்ன பதில் சொல்வது என்று கேட்கிற பார்வை.

"மூணு படி இருக்குது மேடம்" என்றார்.

கூடத்தில் சத்தம் நின்றுவிட்டது. நான் சைகை எதுவும் காட்டவில்லை.

பிள்ளைகளா, அந்த மூன்று படியில் நான் தினமும் ஏறி இறங்கியவன். மேசை, நாற்காலி எல்லாவற்றையும் அன்று காலை அந்தப் படி வழியாகத்தான் தூக்கிக்கொண்டு போனேன். மரத்தடியில் அவளைப் பார்த்துத் தலையை வேறு அசைத்தேன். கதவு திறந்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் வரலாம் என்பதுதான் ஆறாவது விதி என்று நினைத்திருந்தேன்.

எழுந்து, உட்கார வேண்டும் என்று ஞாபகம் வந்து, மறுபடி உட்கார்ந்து சொன்னேன்: "மேடம், தப்பு என்னுது. ஆறாவது விதிய நான்தான் எழுதி ஒட்டினேன். நான்தான் பாக்கல."

இன்ஜினீயர் அதிகாரியம்மா பக்கம் சாய்ந்து, "அம்மா பேசினதையே பதிவு பண்ணிக்கலாம் மேடம், போதும்" என்று சொன்னது மைக்கில் நன்றாகக் கேட்டது.

"அவங்க இருபது அடி தூரத்துல இருக்காங்க" என்றார் அதிகாரியம்மா. "உங்களால என்ன செய்ய முடியும், மெம்பர்? நான் காத்திருக்கேன். அதுவரைக்கும் கூட்டம் நிக்கட்டும்."

நான்கைந்து ஆண்கள் ஏற்கெனவே வாசலுக்கு ஓடிவிட்டார்கள். நான் போவதற்குள் வண்டியைச் சுற்றி நின்றுகொண்டு, "நீ அந்தப் பக்கம் புடி, நான் இந்தப் பக்கம்" என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெண் இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தூக்காதீங்கோ."

"மூணு படிதாம்மா, ஒரே தூக்கு."

"நான் இன்னா சிமிட்டி மூட்டையா? அவ்ளோ பேர் பாக்க சொல்லோ தூக்கினு போய் வெப்பீங்கோ, அப்பறம் நான் எப்பிடி ஆபீசருகிட்ட பேசறது? என் வாயி இங்கயும் பேசும். பொட்டிய எடுத்துக்கினு வாங்கோ."

அவள் சொன்னது சரி. சிரமம் என்னவென்றால் வயர். டிவியை வெளியே கொண்டுவர முடியாது. லேப்டாப் பேட்டரி பத்து நிமிஷத்துக்குமேல் தாங்காது என்று, பெரியவளே, நீ சொல்லி அனுப்பியிருந்தாய். எதிரே டீக்கடையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கேட்டேன். கடைக்காரர் தன் மிக்சியைப் பிடுங்கிவிட்டுக் கொடுத்தார். கூடத்து நெட் மரம்வரை எட்டவில்லை, என் போனிலிருந்து நெட் கொடுத்தேன். கிளார்க் ஆடிட்டை விட்டுவிட்டு வந்து வயர் மேல் யாரும் கால் வைக்காமல் காவல் நின்றார். பெரியப்பா ஒரு குடையைக் கொண்டுவந்து திரையில் வெயில் விழாமல் பிடித்தார். இதெல்லாம் நடக்க இருபது நிமிஷம் ஆயிற்று.

லேப்டாப்பை எதன் மேல் வைப்பது, எவ்வளவு உயரம் என்று யோசித்துக்கொண்டே, உள்ளே இருந்த அதே மேசையைத் தூக்கி வந்து வண்டிக்கு முன்னால் போட்டேன். எதையும் ஏற்றி இறக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெண்ணின் முகம் கட்டத்துக்கு நடுவில் அளவெடுத்த மாதிரி வந்து உட்கார்ந்தது. நாங்கள் அத்தனை பேர் காலையிலிருந்து வயிற்றைக் காட்டிக்கொண்டு நின்ற அந்தக் கேமரா, முதலிலிருந்தே அவள் உயரத்தில்தான் இருந்திருக்கிறது.

அதிகாரியம்மா அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரை வைத்துவிட்டு, "வணக்கம்மா, தெரியறீங்க. சொல்லுங்க" என்றார்.

அக்கா பக்கத்தில் நின்று, "கும்புடு பாப்பா, கும்புடு" என்று கிசுகிசுத்தார்.

"யக்கா, சைடுல நின்னு சொல்லிக்குடுக்கக் கூடாது. ரூல்ஸு கீது" என்றார் கிளார்க்.

"எம்பொண்ணுக்கு நான் சொல்லிக்குடுக்காத வேற யாரு சொல்லிக்குடுப்பா?"

"யம்மா, நீ அந்தாண்ட போய் நில்லு" என்றாள் மகள். பிறகு பெயரும் தெருவும் சொல்லிவிட்டு ஆரம்பித்தாள்.

"மேடம், சுவர் கட்டட்டும்."

பெரியப்பாவின் குடை ஆடியது. "இன்னாடி இது!" என்றார். நான் உள்ளங்கையை நீட்டினேன்.

"மாடு உள்ள வருது, அடிபடுது. நானே ரெண்டு தபா பாத்துகீறேன். பேஜாரான விசயம். சுவர் கட்டட்டும். ஆனா பாதையாண்ட ஒரு எடம் உட்டுட்டுக் கட்டட்டும். அது போதும்."

இன்ஜினீயர் பேசினார். குரலில் கோபம் இல்லை, வேலை செய்கிறவர் குரல்தான். "அம்மா, இடம் விட்டா பைக் எல்லாம் உள்ளே வரும். திருட்டு நடக்குது. வேணும்னா நடந்து போற மாதிரி கம்பி நட்டு, ரெண்டு அடி விடலாம்."

"என் வண்டி ரெண்டே முக்கா அடி சார். மூணு சக்கரம்."

"மூணு அடி விட்டா பைக் போயிடுமே."

"பைக்கு ரெண்டு அடியிலயும் போயிடும் சார். ஹேண்டில்பாரக் கொஞ்சம் சாச்சா போதும். எங்க தெரு பசங்க எல்லாம் அதத்தான் பண்றானுங்கோ. ரெண்டு அடில போவ முடியாதது நான் ஒருத்திதான்."

மரத்தடியில் ஒரே சிரிப்பு. டிவி இல்லாததால் லேப்டாப்பைச் சுற்றி எல்லோரும் குனிந்து நின்றார்கள். திரையில் இன்ஜினீயரும் சிரித்ததைப் பார்த்தேன்.

"பைக்க நிறுத்தணும்னா செக்யூரிட்டி சேரு ஒண்ணு போடுங்கோ சார். ஆளப் பாத்தா யாரு வேலைக்குப் போறா, யாரு திருடப் போறான்னு தெரியும். கம்பிக்குத் தெரியாது."

அதிகாரியம்மா எழுதுவதை நிறுத்தினார். பிறகு இன்ஜினீயரிடம், "நாலு அடி விட்டு, பகல்ல ஒரு ஆள் போட முடியுமா?" என்றார்.

"முடியும் மேடம். பக்கத்துலயே ஒரு கேட்டுல ஆள் இருக்காங்க."

"சரி. அப்ப முடிச்சுக்கலாம். எல்லாருக்கும் நன்றி."

அவர் கை நீட்டி எதையோ அழுத்தப் போனார். எல்லோரும் கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள். காலையில் ஒரு விதியைக் கோட்டை விட்டவன் நான். இப்போது அதிகாரிக்கு விதி சொல்வதா? ஆனால் அப்போது சொல்லாவிட்டால் அப்புறம் சொல்லி என்ன?

"மேடம், பதினோராவது விதி!" என்று கத்திவிட்டேன்.

அவர் கை அப்படியே நின்றது. "என்ன அது?"

"எழுதினத படிச்சுக் காட்டணும் மேடம். அதுக்கப்பறந்தான் கட் பண்ணணும்."

ஒரு நிமிஷம் என் சட்டைப் பட்டனை மறுபடி கேட்பாரோ என்று பயந்தேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். "நியாயம்தான். படிக்கிறேன்." தாளை எடுத்து வாசித்தார். மனு வந்த விவரம், பேசியவர்கள் பெயர், பிறகு கடைசி வரி: "சுவர் எழுப்பும்போது, கால்வாய்க்கரைப் பாதையில் பொதுமக்கள் சென்று வர வழி விடப்படும்."

"சரிதானே?" என்றார்.

"சரி மேடம்!" என்று ஊர் முழுக்கச் சொல்லிற்று.

"எத்தினி அடி மேடம்?" என்றாள் அந்தப் பெண்.

அவர் தாளைப் பார்த்தார். நாலு அடி என்று வாயால் சொன்னது தாளில் இல்லை. வேண்டுமென்று விட்டதில்லை, எழுதுகிற அவசரத்தில் விட்டுப்போயிருக்கிறது. ஆனால் அது இல்லாமல் அந்தத் தாள் போயிருந்தால், கொத்தனார் தன் மனசுக்குத் தோன்றிய அளவு வைத்துக் கட்டியிருப்பார். அவர் எழுதினார். மறுபடி வாசித்தார். 'நான்கு அடி அகலத்துக்கு' என்று வந்தபோது அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு திரும்பி நின்றார். மகள் இரண்டு கையையும் எடுத்து அப்போதுதான் கும்பிட்டாள்.

டீக்கடைக்காரர் வந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பிடுங்கிக்கொண்டு போனார். "என் மிக்சி ரெண்டு மணி நேரம் லீவுல கீது மெம்பரே" என்றார். பெரியப்பா குடையை மடித்தபடி அந்தப் பெண்ணிடம், "சுவர் கட்டட்டும்னியே, எங்க தாத்தன் எடம்டி அது" என்றார். அவள், "உன் தாத்தன் மாடுதான் பெரியப்பா உள்ள போய் அடிபடுது" என்றாள். பெரியப்பாவுக்கு அதற்கும் சிரிப்புதான் வந்தது.

அடுத்த ஊராட்சிக் கூட்டத்தில் கூடத்துக்குச் சாய்தளம் வேண்டும் என்று நானே தீர்மானம் கொண்டுவந்தேன். ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. இப்போது நீங்கள் ஓட்டுப் போடப் போகும்போது ஏறுகிற அந்தச் சாய்தளம் அப்படி வந்ததுதான். அந்தப் பெண் இன்றைக்கும் அதே கம்பெனியில் இருக்கிறாள். இப்போது அவள் அந்த மேசைக்கு சூப்பர்வைசர். அன்றைக்கு அதிகாரியம்மா எங்களைக் கடைப்பிடிக்க வைத்த ஒழுங்கு எனக்குள் அப்படியே தங்கிவிட்டது. முகம் தெரிய வேண்டும், குரல் கேட்க வேண்டும், முடிவைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அத்தையிடம் பேசும்போது அது வெளியே வருகிறது, அவ்வளவுதான். சிரித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. இதை உங்கள் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

சுவர் எழும்பியது. ஒருநாள் முதல் ஷிப்ட் முடிந்து, மத்தியானம் அந்த வழியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். சொன்ன இடத்தில் இடைவெளி விட்டிருந்தார்கள். பையில் இருந்த டேப்பை எடுத்து அளந்து பார்த்தேன். நான்கு அடி, ஒரு விரல் கூடவே இருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. கொத்தனார்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். சைக்கிளை அந்த வழியில் தள்ளினேன். முன்சக்கரம் டக்கென்று முட்டி நின்றது.

கீழே பார்த்தேன். இரண்டு பக்கச் சுவரையும் சேர்த்து, தரையில் நான்கு விரல் உயரத்துக்குச் சிமெண்டில் ஒரு வாசற்படி மாதிரி கட்டியிருந்தார்கள். மழைத் தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பதற்காக இருக்கும். நடக்கிறவன் அதைக் கவனிக்கவே மாட்டான், தாண்டிவிடுவான். அகலம் எவ்வளவு என்று கேட்டோம், எழுதினோம், இரண்டு தடவை வாசித்தோம். உயரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. எங்கள் யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

விரலால் அழுத்திப் பார்த்தேன். சிமெண்ட் இன்னும் ஈரம். அன்று காலைதான் போட்டிருக்கிறார்கள்.

சைக்கிளைச் சுவரில் சாய்த்தேன். அங்கே கிடந்த பலகைத் துண்டு ஒன்றை எடுத்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு பக்கமும் சரிவாக வரும்படி இழுத்து இழுத்து வழித்துவிட்டேன். மழைத் தண்ணீரைத் தடுக்க நடுவில் ஒரு மேடு மட்டும் விட்டேன், சக்கரம் ஏறி இறங்குகிற அளவுக்கு. கையால் தடவி ஒழுங்கு செய்தேன். பலகையை இருந்த இடத்திலேயே போட்டேன். பாட்டில் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு, மிச்சமிருந்த தண்ணீரை அந்தச் சிமெண்டின் மேலேயே தெளித்துவிட்டு, சைக்கிளை அதன்மேல் ஏற்றாமல் தோளில் தூக்கிக்கொண்டு தாண்டி வந்தேன்.